மனச்சிதைவுக்கு மருந்து எடுப்பவருக்கு டெல்மிசார்டன் 40: எந்த அட்டையை வாங்கலாம், எதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்

மனச்சிதைவு நோய்க்கு, அதாவது ஸ்கிசோஃப்ரினியாவுக்கு, வருடக்கணக்கில் மாத்திரை எடுப்பவர்களில் பலருக்கு ஒரு கட்டத்தில் பிரஷர் மாத்திரையும் சேர்ந்துவிடுகிறது. இந்த நோய்க்கான மருந்துகளில் குளோசபினும் ஒலான்சபினும் உடல் எடையைக் கூட்டும். எடையின் பின்னாலேயே சுகரும் பிரஷரும் வரும். இந்த நோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னதாகவே இறந்துபோகிறார்கள். அதற்குப் பெரிய காரணம் இதயமும் ரத்தக்குழாயும்தான். வீட்டில் எல்லோர் கவனமும் காதில் கேட்கும் குரல் மீதும் தூக்கத்தின் மீதும் இருக்கும்போது பிரஷர் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். அதனால் எந்த பிரஷர் மாத்திரை, எந்த வேளையில், எந்த மருந்தோடு என்பதெல்லாம் இந்த வீடுகளில் உயிர் சம்பந்தப்பட்ட கேள்விகள்.

இங்கே பார்ப்பது டெல்மிசார்டன் 40 மில்லிகிராம், வேறெதுவும் சேராத தனி மாத்திரை. டெல்மா, டெல்மிகைண்ட் என்று பல பெயர்களில் கிடைக்கிறது. போயரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனம் மைகார்டிஸ் என்ற பெயரில் கொண்டுவந்த மருந்து. அமெரிக்காவில் 1998-இல் அனுமதி பெற்றது. நம் நாட்டில் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் விலைக்கு உச்சவரம்பு உண்டு. மக்கள் மருந்தகத்தில் வாங்கினால் பிராண்டு விலையைவிடப் பல மடங்கு குறைவு.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிரஷர் மாத்திரையாக இது இவர்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. மனச்சிதைவையே குணமாக்கும் என்று யாராவது சொல்லி வாங்கச் சொன்னால் வாங்க வேண்டாம்; அதற்கான சான்று இன்னும் போதவில்லை. பெயருக்குப் பின்னால் 'ஹெச்' என்ற எழுத்து இருக்கும் அட்டை இவர்களில் சிலருக்கு ஆபத்து. ஏன் என்று கீழே விரிவாகவே எழுதியிருக்கிறோம், ஏனென்றால் கவுன்ட்டரில் அதிகம் தவறு நடக்கும் இடம் அதுதான்.

இந்த மாத்திரை செய்யும் வேலை இது. ரத்த அழுத்தம் குறைந்தாலோ உடம்பில் உப்பு குறைந்தாலோ சிறுநீரகம் ரெனினைச் சுரக்கும். ஈரல் தயாரிக்கும் ஒரு புரதத்தை ரெனின் வெட்டி ஆஞ்சியோடென்சின் 1 ஆக்கும். நுரையீரலில் நிறைய இருக்கும் ஏ.சி.இ என்ற நொதி அதை மறுபடி வெட்டி, எட்டே எட்டு அமினோ அமிலம் கொண்ட ஆஞ்சியோடென்சின் 2 ஆக்கும். பிரஷரை ஏற்றும் ஹார்மோன்களில் முக்கியமானது இது. ரத்தக்குழாயை இறுக்கும்; அட்ரீனல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டீரோனை வரவழைத்து உப்பைப் பிடித்துவைக்கும்; மூளையில் தாகத்தைத் தூண்டும்; வாசோபிரெசின் என்ற இன்னொரு ஹார்மோனையும் கிளப்பிவிடும். இந்த வேலைகளையெல்லாம் ஏடி1 என்ற ஏற்பியில் உட்கார்ந்துதான் அது செய்கிறது. டெல்மிசார்டன் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதால் ஹார்மோன் இருந்தும் வேலை நடக்காது.

மனநல ஆராய்ச்சியாளர்கள் இதில் ஆர்வம் காட்டியதற்குக் காரணம், இதே ரெனின்–ஆஞ்சியோடென்சின் ஏற்பாடு மூளைக்குள்ளும் தனியாக இயங்குவது. விலங்கு ஆய்வுகளில், மூளையின் ஸ்ட்ரையேட்டம் பகுதியில் ஆஞ்சியோடென்சின், நரம்புச் செல்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளின் வெளியேற்றத்தைக் கூட்டுகிறது. அந்தப் பகுதியில் மிகுந்துபோகும் டோபமினைத்தான் மனச்சிதைவு மருந்துகளான ரிஸ்பெரிடோனும் ஹாலோபெரிடாலும் டி2 ஏற்பியில் தடுக்கின்றன. போதாததற்கு, ஏடி1 தூண்டப்பட்டால் மூளையின் மைக்ரோக்ளியா செல்களில் அழற்சியும் கூடுகிறது. ஆனால் நோயாளிகளிடம் நேரடியாக அளந்தபோது கணக்கு அவ்வளவு நேராக வரவில்லை. ஏ.சி.இ அளவு சில ஆய்வுகளில் கூடுதலாகவும், சிலவற்றில் குறைவாகவும் இருந்தது.

மருந்தாகக் கொடுத்துப் பார்த்ததில் குறிப்பிடத்தக்கது மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளிக் குழுவின் ஆய்வு. ஏற்கெனவே குளோசபின் அல்லது ஒலான்சபின் எடுத்துவந்தவர்களில் ஒரு பாதிக்கு தினம் 80 மில்லிகிராம் வரை டெல்மிசார்டனும், மறுபாதிக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் 12 வாரம் கொடுத்தார்கள். 54 பேரில் தொடங்கி 43 பேர் முடித்தார்கள். நோயின் கடுமையை அளக்கும் பான்ஸ் அளவுகோலில் மருந்து எடுத்தவர்களுக்குச் சராசரியாக 4 புள்ளி குறைந்தது. வெறும் மாத்திரைக்காரர்களுக்கு ஏறக்குறைய அப்படியே நின்றது. அந்த அளவுகோல் 30-இல் தொடங்கி 210 வரை போகும் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். கணக்கில் வித்தியாசம் தெரிகிறது. ஆனால் பக்கத்தில் இருக்கும் அம்மாவுக்கோ அண்ணனுக்கோ அது கண்ணில் படும் அளவா என்றால், பெரும்பாலும் இல்லை. ஆய்வின் இன்னொரு நோக்கமான எடை, சுகர் விஷயத்திலும் பெரிய மாற்றம் வரவில்லை. டெல்மிசார்டன் சர்க்கரையையும் கொழுப்பையும் கையாளும் பிபிஏஆர் காமா ஏற்பியையும் ஓரளவு தட்டி எழுப்பும் என்று விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். உண்மைதான். அதை நம்பி ஒலான்சபினால் ஏறிய எடை இறங்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

அப்படியானால் பிரஷர் மாத்திரையாக இதை ஏன் பாராட்டுகிறோம்?

முதல் காரணம், ஒரு வேளை மறந்தாலும் கைவிடாது. மாத்திரையின் பாதி அளவு உடம்பை விட்டுப் போக ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகும். இதே வகை மருந்தான லோசார்டனின் ஆயுள் இதைவிடக் குறைவு. குளோனிடின் போன்ற மருந்தைத் திடீரென நிறுத்தினால் பிரஷர் எகிறும். இதில் அந்தப் பயம் இல்லை. மறதியும் மருந்து மறுப்பும் நோயின் ஒரு பகுதியாகவே இருக்கும் வீட்டில் இது பெரிய உதவி. நேற்று விட்டுப்போனது என்று இன்று இரண்டாகப் போடக்கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாவது, மனநல மருந்துகளோடு மோதாது. குளோசபினை ஈரலில் சிஒய்பி வகை நொதிகள் கரைக்கின்றன. டெல்மிசார்டன் அந்த வழிக்கே போவதில்லை. குளுக்குரோனைடாக மாறிப் பித்தத்தில் கலந்து மலத்தோடு போய்விடும். அதனால் ஒன்றின் அளவை மற்றொன்று ஏற்றி இறக்காது. மூன்றாவது, வறட்டு இருமல் குறைவு. 25,620 பேரை வைத்து நடந்து 2008-இல் வெளியான ஆன்டார்கெட் ஆய்வில் இருமலால் மருந்தை நிறுத்தியவர்கள், ஏ.சி.இ நொதியைத் தடுக்கும் பிரஷர் மருந்தான ராமிப்ரில் பக்கம் 4.2 சதவீதம், டெல்மிசார்டன் பக்கம் 1.1 சதவீதம். ராத்திரி முழுக்க இருமல் வந்தால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் இந்த நோய் கிளறும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லதா என்றும் அதே ஆய்வில் பார்த்தார்கள்: பலன் கூடவில்லை, பாதிப்புதான் கூடியது. எனவே எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற ஏ.சி.இ தடுப்பான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் இதை அதன் மேல் சேர்க்கக்கூடாது.

இனி அட்டை. டெல்மிசார்டன் பெரும்பாலும் இரண்டு பக்கமும் அலுமினியமாக இருக்கும் அட்டையில்தான் வரும். உள்ளே இருக்கும் மாத்திரை வெளியே தெரியாது. இந்த மருந்து தண்ணீரில் லேசில் கரையாது என்பதால் மாத்திரைக்குள் சோடியம் ஹைட்ராக்ஸைடு, மெக்ளுமின் போன்ற காரப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். அந்தக் காரம் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மனநல மாத்திரை நிறைய இருக்கும் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏழு நாள் டப்பாவில் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவைப்பது வழக்கம். நல்ல பழக்கம்தான். ஆனால் டெல்மிசார்டனை மட்டும் பிரித்துப் போடாதீர்கள். வியாழக்கிழமை திறந்து பார்த்தால் ஓரம் ஊறி, விரலில் ஒட்டும், அல்லது தொட்டதும் உதிரும். அப்படி ஆன மாத்திரையைப் போட வேண்டாம். கத்தரிக்கோலால் அட்டையை மாத்திரை மாத்திரையாக, ஓரத்து ஒட்டு விடாமல், ஒரு விரல் இடம் தள்ளி வெட்டி, அலுமினிய உறையோடேயே டப்பாவில் போட்டுவிடுங்கள். போடும் நேரத்தில் பிரித்தால் போதும். எந்த மாத்திரை என்று அட்டைப் பின்புறத்தில் அச்சடித்திருப்பது துண்டுகளில் பாதியோடு போய்விடும். மார்க்கரால் 'பிரஷர்' என்று எழுதிவிடுங்கள். 40-ஐ உடைத்துப் பாதியை மறுநாளுக்கு எடுத்துவைப்பதும் இதே காரணத்தால் கூடாது. 20 மில்லிகிராமே தனியாகக் கிடைக்கிறது, அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

மாத்திரை சாப்பிட மறுப்பவருக்குப் பொடித்துச் சோற்றில் கலந்துகொடுக்கும் வீடுகள் உண்டு. அந்த நெருக்கடியின் வலி எங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த மாத்திரையை அப்படிக் கொடுக்காதீர்கள். மருந்தை மறுக்கும் நாட்களில் அவர் சாப்பாட்டையும் தண்ணீரையும் சேர்த்தே மறுத்திருப்பார். உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் இது உள்ளே போனால் பிரஷர் தடாலென இறங்கும்; சிறுநீரகமும் அடிபடும். வாந்தி, பேதி நாட்களுக்கும் இதே விதிதான். மருத்துவரைக் கேட்டு, உடம்பு தேறும்வரை நிறுத்திவையுங்கள்.

எழுத்துகளுக்கு வருவோம். பெயருக்குப் பின்னால் 'ஏஎம்' என்றால் அம்லோடிபின் என்ற இன்னொரு பிரஷர் மருந்து சேர்ந்தது. 'ஹெச்' என்றால் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற, சிறுநீரைக் கூட்டும் மருந்து, பொதுவாக 12.5 மில்லிகிராம். 'ஏஎம்ஹெச்' என்றால் மூன்றும். அட்டையின் நிறமும் எழுத்தும் ஒன்றுபோலவே இருக்கும். தனி 40 இருப்பு இல்லாதபோது "இதுவும் டெல்மிசார்டன்தான்" என்று 'ஹெச்' கைமாறுவது நடக்கிற காரியம். வேறு ஒருவருக்கு அது வெறும் சில்லறைத் தவறாகப் போகலாம். மனச்சிதைவில் அப்படியல்ல; இங்கேதான் வாசோபிரெசின் நுழைகிறது.

வாசோபிரெசின் ஒன்பது அமினோ அமிலம் கொண்ட ஹார்மோன். ரத்தக்குழாயை இறுக்குவதோடு, சிறுநீரகத்திடம் தண்ணீரை வெளியே விடாதே என்று சொல்வதும் அதன் வேலை. நாம் நிறையத் தண்ணீர் குடித்தால் ரத்தம் நீர்த்துப்போகும், வாசோபிரெசின் அடங்கிவிடும், சிறுநீர் வெள்ளமாகப் போகும். ஆரோக்கியமான சிறுநீரகம் ஒரு நாளைக்கு 10 லிட்டருக்கு மேலும் வெளியேற்றிவிடும். நீண்டநாள் மனச்சிதைவு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு அடங்காத தண்ணீர்ப் பழக்கம் வரும். பாட்டில் பாட்டிலாக, குழாயடியில், பாத்ரூமில்கூடக் குடிப்பார்கள். அவர்களில் சிலருக்கு வாசோபிரெசின் அடங்க வேண்டிய நேரத்தில் முழுசாக அடங்குவதில்லை என்பதை 1988-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. குடித்த தண்ணீர் உள்ளேயே தங்கும், ரத்தத்தில் சோடியம் இறங்கும். 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது 120-க்குக் கீழே போனால் வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். 'ஹெச்'-இல் இருக்கும் தயசைடு, சிறுநீரை நீர்க்கவிடும் அந்தக் குழாய்ப் பகுதியையே அடைக்கிறது. வாசோபிரெசின் ஒரு பக்கம், 'ஹெச்' ஒரு பக்கம் பிடித்துக்கொண்டால் தண்ணீர் போக வழியே இல்லை. வலிப்புக்கும் மனநிலைக்கும் கொடுக்கும் கார்பமசெபினோ, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்ஸிடலோபிராமோ கூட ஓடினால் சோடியம் இன்னும் வேகமாக இறங்கும்.

தண்ணீர் அதிகம் குடிப்பவர் வீட்டில் எடை மெஷின் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு முறை. மாலை 4 மணிக்கு ஒரு முறை. அதே உடையோடு. 60 கிலோ ஆளுக்கு மாலையில் 3 கிலோ கூடியிருந்தால் அது 5 சதவீதம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் சோடியம் பார்க்க வேண்டும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், வழக்கத்துக்கு மாறான குழப்பம் ஆகியவற்றை "நோய் திரும்பிவிட்டது" என்று நினைத்து மனநல மாத்திரையைக் கூட்டிக்கொண்டிருப்பதுதான் இதில் நடக்கும் மிகக் கொடிய தவறு. தாகத்துக்கு எளிய காரணமும் இருக்கலாம்: கை நடுக்கத்துக்குக் கொடுக்கும் ட்ரைஹெக்சிஃபெனிடில் வாயை உலர்த்தும், ஏறிய சுகரும் தாகம் தரும். அவற்றையும் பார்த்துவிடுங்கள். ஆஞ்சியோடென்சின் தாகத்தைத் தூண்டுவதால் அதைத் தடுக்கும் மருந்து இந்தப் பழக்கத்தை நிறுத்துமா என்று ஏ.சி.இ தடுப்பான்களைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நம்பும்படியான பலன் கிடைக்கவில்லை.

மனநிலையைச் சீராக்கக் கொடுக்கும் லித்தியம் எடுப்பவராக இருந்தால் 'ஹெச்' மட்டுமல்ல, தனி டெல்மிசார்டனுக்கும் எச்சரிக்கை வேண்டும். இரண்டுமே லித்தியத்தைச் சிறுநீரகத்தில் தேக்கிவிடும். கை பெரிதாக நடுங்குவது, நாக்குழறல், வாந்தி, பேதி, நடை தடுமாற்றம் தெரிந்தால் லித்தியம் அளவை உடனே பார்க்க வேண்டும். பிரஷருக்காக உப்பைத் திடீரென ஒரேயடியாகக் குறைத்தாலும் லித்தியம் ஏறும். முதுகுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் இரண்டும் இதே கெடுதலைச் செய்வதோடு டெல்மிசார்டனோடு சேர்ந்து சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் போதும். இந்த நோயாளிகளுக்கு மனநல மருத்துவர் ஒரு சீட்டிலும் பொது மருத்துவர் இன்னொரு சீட்டிலும் எழுதுவார்கள். இரண்டு சீட்டையும் ஒன்றாகவே கடையில் நீட்டுங்கள்.

அடுத்தது எழுந்து நிற்கும்போது வரும் தலைச்சுற்றல். குளோசபின், குளோர்ப்ரோமசின், குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன் எல்லாமே ரத்தக்குழாயை இறுக்கும் நார்அட்ரினலினின் ஆல்ஃபா 1 ஏற்பியைத் தடுப்பவை. எழுந்ததும் காலுக்கு இறங்கும் ரத்தத்தை மேலே தள்ள உடம்புக்கு இருக்கும் வழிகளில் ஒன்றை அவை அடைக்கின்றன. டெல்மிசார்டன் இன்னொன்றை அடைக்கிறது. குளோசபினால் வரும் படபடப்புக்கு ப்ரொப்ரனலாலும் ஓடினால் மூன்றாவது. இதைச் சோதிக்க ஒரு முறை இருக்கிறது. ஐந்து நிமிடம் படுக்கவைத்து கைப்பட்டை மெஷினில் பிரஷர் எடுங்கள். பட்டையைக் கழற்றாமலே எழுந்து நிற்கச் சொல்லி, 1 நிமிடத்தில் ஒன்று, 3 நிமிடத்தில் ஒன்று. நிற்கும்போது கையைத் தொங்கவிடாமல் நெஞ்சு உயரத்தில் தாங்கிப் பிடியுங்கள். தொங்கவிட்டால் கூடுதலாகக் காட்டும், இறக்கம் மறைந்துபோகும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மருத்துவரிடம் போய்ச் சொல்ல வேண்டிய செய்தி அது. உட்கார்ந்து மட்டும் அளந்து 130/80 என்று திருப்திப்பட்டால் இது கண்ணுக்கே தெரியாது. முதல் வாரத்திலும், அளவு மாற்றும்போதும், குளோசபின் கூட்டும்போதும் எடுத்துக் குறித்துவையுங்கள்.

குளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் தொடங்கக்கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்துதான் மறுபடி ஏற்ற வேண்டும் என்பதை இங்கேயும் நினைவில் வையுங்கள். டெல்மிசார்டனும் உடம்பில் இருக்கும்போது பழைய அளவு குளோசபினை ஒரேயடியாகப் போட்டால் மயங்கி விழுவார்கள். சிகரெட்டை விட்டாலும் குளோசபின் அளவு ரத்தத்தில் ஏறும். பிரஷர் அதற்கேற்ப இறங்கும்.

எந்த வேளை? ராத்திரி மனநல மாத்திரைகள் கனமாக இருப்பவருக்குக் காலை நேரமே மேல். நடுராத்திரியில் சிறுநீர் கழிக்க எழுந்து பாத்ரூம் வாசலில் விழுவதைத் தவிர்க்கலாம். ராத்திரி போட்டால்தான் இதயத்துக்கு நல்லது என்று சொல்பவர்கள் உண்டு. 21,000 பேருக்கு மேல் வைத்து பிரிட்டனில் நடந்து 2022-இல் வெளியான டைம் ஆய்வில் காலைக்கும் மாலைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதும் பெரிதில்லை. தினம் ஒரே மாதிரி போடுங்கள். முழுப் பலன் தெரிய 4 வாரம் ஆகும், பத்தாம் நாளே வேலை செய்யவில்லை என்று மாற்றிவிடாதீர்கள்.

தொடங்குவதற்கு முன்பும், தொடங்கி இரண்டு வாரத்துக்குள்ளும் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம், சோடியம் மூன்றையும் ஒரே ரத்த மாதிரியில் பார்த்துவிடலாம். ஆல்டோஸ்டீரோன் குறைவதால் பொட்டாசியம் ஏறும். பிரஷருக்கு நல்லது என்று விற்கும் குறைந்த சோடிய உப்பில் பொட்டாசியம் குளோரைடுதான் கலந்திருக்கிறது. இந்த மாத்திரையோடு அது வேண்டாம். தினமும் இளநீர் குடிப்பவர் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், சுகரும் சிறுநீரகக் கோளாறும் இருந்தால் கண்டிப்பாக.

குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்கு எழுதியிருந்தால் ஒன்றைக் கேட்காமல் வாங்காதீர்கள். கர்ப்பத்தில் இந்த மருந்து சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கும், சிசு இறக்கவும் கூடும். ரிஸ்பெரிடோன் எடுப்பவர்களுக்கு மாதவிலக்கு மாதக்கணக்கில் வராமல் போவது சாதாரணம் என்பதால் நாள் தள்ளிப்போனதை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மருந்தைத் தொடங்கும் முன் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள்; பிறகும் சந்தேகம் வரும்போதெல்லாம் செய்யுங்கள். கர்ப்பம் உறுதியானால் அன்றைக்கே மருத்துவரிடம் போய் வேறு பிரஷர் மருந்துக்கு மாறிக்கொள்ள வேண்டும். மனநல மாத்திரையைச் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள். அதைப் பற்றி அவருடைய மனநல மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும்.